மலைநாட்டு மண்ணும் சேதனப் பசளையும்

பயிர்த்தொழிலைப் பற்றிப் பேசுவோர் விதையைப் பற்றிப் பேசுவர். மழையைப் பற்றிப் பேசுவர். விலையைப் பற்றி மிகுதியாகவே பேசுவர். மண்ணைப் பற்றிப் பேசுவோர் சிலரே. எக்காலத்தும் காலடியிற் கிடக்கும் பொருளாதலின், மண்ணுக்கும் பசியும் பிணியும் முதுமையும் உண்டென்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. திருவள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தில் எருவிடுதலைத் தனியே எடுத்துப் பேசியிருப்பது, பண்டைத் தமிழ் உழவர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும். அவ்வறிவைப் புறக்கணித்தமையால் ஒரு நாடு அடைந்த கேட்டையும், அக்கேட்டை நீக்குதற்கு நிகழ்ந்த முயற்சிகளையும் இலங்கையின் மத்திய மலைநாட்டு வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நானுஓயாவுக்குப் புகைவண்டியிற் செல்லும் பயணி காண்பது, மலைச்சரிவுகளை மூடிய தேயிலைப் பசுமையே. அப்பசுமையின் கீழே, செடிக்கும் செடிக்கும் இடையே, மண் எந்நிலையில் உள்ளது என்பதைப் புகைவண்டியின் சாளரத்திலிருந்து காண இயலாது. அதனை அறிந்தவர்கள் அம்மண்ணைக் கொத்தியவர்களும், கான் வெட்டியவர்களும், புல்லைச் சுமந்தவர்களுமேயாவர்.

இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் இச்சரிவுகளிற் பெரும்பாலானவை அடர்ந்த காடுகளாக இருந்தன. உதிர்ந்த இலையும் முறிந்த கிளையும் ஆண்டுதோறும் நிலத்தில் விழுந்து மக்கி, கருநிறமான மேல்மண்ணாகத் திரண்டன. பெருமழை பெய்யினும் அம்மண் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி, சிறிது சிறிதாகச் சிற்றாறுகளுக்கு விடுத்தது. 1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களிற் கம்பளைப் பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், கன்னொருவையில் ஆளுநர் எட்வட் பான்ஸ் அவர்களும் கோப்பிப் பயிரைத் தொடங்கினர். உறுதிப் பத்திரமில்லாத காட்டு நிலங்களை முடிக்குரியவையாகக் கொள்ளும் சட்டம் 1840ஆம் ஆண்டிற் பிறந்தது. ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் விலைக்கும் நிலம் விற்கப்பட்ட காலம் அது. காட்டை வெட்டிச் சாய்ப்பதும், வெயிலில் உலர்த்தித் தீ வைப்பதும், சாம்பல் ஆறுமுன் கோப்பிக் கன்றை நடுவதும் அக்காலத்து முறை. அத்தோட்டங்கள் முதலிற் செழித்தன. அச்செழிப்பு, காடு பல நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த முதலிலிருந்து எடுத்துச் செலவிட்டதேயாகும்.

காட்டை வெட்டியவர்களும் கன்று நட்டவர்களும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களே. கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தோருட் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் கையில் முதலிற் கோடரியும், பின்னர் மண்வெட்டியும், அதன்பின் சுரண்டியும் கொடுக்கப்பட்டன. பயிரினிடையே ஒரு புல்லும் தலைகாட்டாதவாறு நிலத்தைச் சுரண்டித் துடைத்து வைப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று அக்காலத்துத் துரைமார் கருதினர். வெறுமையாக்கப்பட்ட சரிவின்மேல் தென்மேற்குப் பருவமழை விழுந்தபோது, மேல்மண் கரைந்து மகாவலிக்கும் களனிக்கும் சென்றது.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. 1878ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரிற் பரந்திருந்த கோப்பி, அடுத்த பத்து ஆண்டுகளில் நிலைகுலைந்தது. மண்ணின் வறுமையே நோய்க்குக் காரணமென எண்ணி எருவிட்டுப் பார்த்தோரும் உளர். 1880 முதல் 1882 வரை இலங்கையில் ஆராய்ந்த மார்ஷல் வாட் என்னும் அறிஞர், நோய்க்குக் காரணம் ஒரு பங்கசே என்று நிறுவினார். ஆகவே கோப்பியை அழித்தது மண்ணன்று. ஆயினும் கோப்பி போன பின்னர், அதே மண்ணில், அதே சரிவில் தேயிலை நடப்பட்டது என்பதை மறத்தலாகாது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலையே பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று. முப்பது நாற்பது ஆண்டுகள் கோப்பிக்கு உணவளித்துக் களைத்திருந்த நிலம், ஓய்வேதுமின்றித் தேயிலைக்கு உணவளிக்கத் தொடங்கியது. சுரண்டியும் கைவிடப்படவில்லை.

எச்சரித்தோர் இல்லாமற் போகவில்லை. கியூ தாவரப் பூங்காவின் தலைவராக விளங்கிய ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்காது காத்தல் வேண்டும் என்று 1873ஆம் ஆண்டில் வற்புறுத்தினார். மண்ணரிப்பை ஆராய அமைந்த குழுவொன்று 1931ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டில் நிறைவேறியது. எனினும் அறிக்கை மண்ணைத் தடுத்து நிறுத்தாது; மண்ணைத் தடுப்பவை கல்லணையும், கானும், வேரும், மக்கிய இலையுமே.

அவ்வகையில் நினைவுகூரத்தக்கது தேயிலை ஆராய்ச்சி நிலையம். 1925ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிலையம், தலவாக்கலையை அடுத்த சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ரொதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்திற் பயின்று வந்த தோமஸ் ஈடன் என்னும் இரசாயன அறிஞர், இங்குத் தேயிலை மண்ணையும் பசளையையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மழை மிகுந்த மலைநாட்டின் செம்மஞ்சள் மண்ணிலுள்ள களி, சத்துக்களைப் பற்றிவைக்கும் ஆற்றல் குறைந்தது. அக்குறையை ஈடுசெய்வது மக்கிய சேதனப் பொருளேயாகும். அது குறையுமாயின், இடும் பசளை மழையோடு போய்விடும். கோடையில் ஈரமும் நில்லாது.

ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவில் அல்பட் ஹாவட் என்னும் வேளாண் அறிஞர் மற்றொரு திசையிலிருந்து இதே முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். இந்தூர் நகரில், யஷ்வந்த் வாட் என்னும் உதவியாளருடன் சேர்ந்து, பயிர்க் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகக் குவித்து, நீர் தெளித்து, காலம் பார்த்துப் புரட்டி மக்கவைக்கும் கூட்டெரு முறையை அவர் வகுத்தார். உழவர் வீட்டு எருக்குழியில் நெடுங்காலமாக நிகழ்ந்ததை ஒழுங்குபடுத்தி, அளவும் நாளும் குறித்து, உலகுக்கு விளக்கியதே அவர் செய்த பெருந்தொண்டு. தேயிலைத் தோட்டங்களைப் பார்வையிட்டு, தேயிலை வேரோடு கூடிவாழும் பங்கசுக்களையும் அவர் கருத்திற்கொண்டார். 1940ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் தேயிலையையும் தவறாது பேசுகின்றது.

கூட்டெரு நல்லதென்பதில் ஐயமில்லை. அதனைச் சரிவின் உச்சிக்குச் சுமப்பார் யார் என்பதே மலைநாட்டின் கேள்வி. ஏக்கர் ஒன்றுக்கு மூட்டை மூட்டையாக வேண்டும். வண்டி செல்லாத மேட்டுக்கு அது தலைச்சுமையாகவே செல்லுதல் வேண்டும். ஆகவே, எருவை வெளியிலிருந்து கொண்டுவருவதினும் மலையிலேயே விளைவிப்பது தக்கதென்று கண்டனர். முருக்கு இனத்தைச் சேர்ந்த டடப்பு மரத்தைத் தேயிலையினிடையே நட்டு, அதன் கிளைகளைக் கழித்து நிலத்திற் பரப்பினர். கிரவிலியா மரம் நிழலும் சருகும் தந்தது. கிளிரிசிடியா, காட்டுச் சூரியகாந்தி ஆகியவற்றின் தழையும் பசுந்தாட் பசளையாயிற்று. மண்ணை முள்ளாற் குத்திச் சிறிது தூக்கி, அந்த வெடிப்பினுள் தழையைச் செருகி மூடும் முறையும் வழங்கியது.

தேயிலைச் செடியே தனக்கு எருவாவதும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது, இலையும் குச்சியுமாகப் பெருந்தொகையான பொருள் கீழே விழுகின்றது. அதனை அவ்விடத்திலேயே மக்கவிடுதல் வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் அறிவுரை. ஆனால் லயத்து அடுப்புக்கு விறகு எங்கிருந்து வரும்? குளிர் மிகுந்த மலையில், பத்தடி அறையில் வாழ்ந்த குடும்பத்துக்குக் கவ்வாத்துக் குச்சியே விறகாயிற்று. இலையையும் இளங்குச்சியையும் மண்ணுக்கு விட்டு, தடித்த குச்சியை அடுப்புக்கு எடுப்பது பல தோட்டங்களில் ஏற்பட்ட சமரசம். மண்ணின் பசியும் மனிதரின் பசியும் ஒரே குச்சிக்குப் போட்டியிட்ட இடம் அது.

இதற்கிடையே அமோனியஞ் சல்பேற்று முதலிய இரசாயனப் பசளைகள் பெருவழக்காயின. அவற்றால் விளைச்சல் உயர்ந்தது உண்மை. அவை இன்றேல் இலங்கைத் தேயிலை உலகச் சந்தையில் நின்றிருத்தல் அரிது. ஆயினும் அமோனியஞ் சல்பேற்று மண்ணின் புளிப்பைப் பெருக்குவது. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடியேயெனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆகையால் கவ்வாத்துக் காலத்தில் தொலமைற்று என்னும் சுண்ணக்கல் தூளை இட்டுப் புளிப்பைத் தணிப்பர். சேதனப் பொருள் நிறைந்த மண்ணில் இரசாயனப் பசளை நன்கு பயன்படும். வெறும் மண்ணில் அது வீணாகும். ஒன்று மற்றதற்குப் பகையன்று என்பதை அந்நாளைய ஆராய்ச்சியாளர் நன்கறிந்திருந்தனர்.

ஐம்பதுகளின் இறுதியில் முதிய தேயிலையை அகற்றிப் புதுச்செடி நடும் பெருமுயற்சி தொடங்கிற்று. 1959ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் அதற்கு மானியம் வழங்கியது. விதைக்கன்றுக்குப் பதிலாக, தேர்ந்த தாய்ச்செடியின் தண்டுத் துண்டைத் தவறணையில் வேர்விடச் செய்து நடும் முறை பரவிற்று. ஆனால் எண்பது ஆண்டுகள் தேயிலை நின்ற மண்ணில் அக்கன்றை உடனே நட்டாற் பயனில்லை. வேரை அரிக்கும் வட்டப்புழுக்கள் அங்கே பெருகியிருக்கும். சேதனப் பொருளோ அருகியிருக்கும். அதற்குக் கண்ட மருந்தே குவாத்தமாலாப் புல்லும் மாணாப்புல்லும். முதிய செடியை வேரோடு பிடுங்கியபின், அந்நிலத்தில் இப்புல்லை நடுவர். சில மாதங்களுக்கு ஒருமுறை புல்லை வெட்டி, வெட்டிய இடத்திலேயே பரப்புவர். இவ்வாறு ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுவரை தொடரும். புல்லின் வேர் மண்ணைப் பிணைக்கும். வெட்டிய புல் மழையின் அடியைத் தாங்கும். மக்கிய புல் மண்ணைக் கறுக்கச் செய்யும். தேயிலை வேரின்மையால் வட்டப்புழு குறையும். அதன் பின்னரே கன்று நடுதல். அந்த இரண்டு ஆண்டுகளும் நிலத்திலிருந்து ஒரு கிலோக் கொழுந்தும் வாராது. செலவு உண்டு, வரவு இல்லை. இம்மருந்தின் விலை காலமேயாகும்.

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கின்றது என்பதையும் சிறிது நோக்குதல் நன்று. மண்ணில் வாழும் பற்றீரியாக்களும் பங்கசுக்களும் கண்ணுக்குப் புலப்படா உழவர்கள். காபன் அவற்றுக்கு உணவு. நைதரசனும் பொசுபரசும் காற்றும் ஈரமும் அவற்றின் பிற தேவைகள். இவை பொருந்தியிருப்பின், எந்தச் சேதனப் பொருளையும் அவை சிதைத்து மண்ணாக்கிவிடும். வேறு வகையாற் கெட்ட நிலங்களுக்கும் உலகெங்கும் இதே வழி கையாளப்படுவது இதனாலேயே. மசகெண்ணெய் சிந்திய நிலம் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. எண்ணெய் மண்ணின் துளைகளை அடைத்து, நீரையும் காற்றையும் வேருக்கு மறுக்கின்றது. அதிற் காபன் மிகுதி, நைதரசனோ மிகக் குறைவு. அந்நிலத்தைக் கிளறி, சாணமும் கோழியெருவும் கூட்டெருவும் கலந்து, ஈரம் காத்து வைத்தால், நுண்ணுயிர்கள் பெருகி எண்ணெயையே உணவாகக் கொள்ளத் தொடங்கும். மாதங்கள் சென்றபின் முதலிற் புல்லும், பின்னர்ப் பயிரும் அங்கே வேரூன்றுதல் கூடும். ஆனால் எண்ணெய் மிகுதியாகத் தேங்கிய இடத்தில் எருவொன்றே போதாது. முதலில் எண்ணெயை அள்ளி அகற்றுதல் வேண்டும்.

தேயிலையும் எண்ணெயும் அருகருகே விளையும் நாடு அஸ்ஸாம். அங்கு, தின்சுகியா மாவட்டத்துப் பாக்ஜான் என்னுமிடத்தில், 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் எரிவாயுக் கிணறொன்று வெடித்துப் பொங்க, சுற்றியிருந்த சிறு தேயிலைத் தோட்டங்களின்மேல் எண்ணெய்ப்பசை படிந்தது. தீயை முற்றும் அணைக்க நவம்பர் மாதம்வரை சென்றது. இலங்கையிலும் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், மின்நிலையக் கழிவெண்ணெய் சுண்ணக்கல் நிலத்தினூடே இறங்கிக் கிணற்று நீரிற் கலந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெருங்கவலையை விளைத்தது. மேல்மண்ணில் நின்ற எண்ணெய்க்கு எரு மருந்தாகலாம். நிலத்தடி நீரை அடைந்த எண்ணெய்க்கு எருக்குழியில் மருந்தில்லை. கெடுப்பது ஒரு நாள். தேற்றுவது பல ஆண்டு. மலைநாட்டிலும், அஸ்ஸாமிலும், சுன்னாகத்திலும் இக்கணக்கு ஒன்றே.

மலைநாட்டுக்கு மீள்வோம். மண்ணைத் தேற்றுவதற்குப் புல் மட்டும் போதாது. அதனைச் செய்யும் கையும் வேண்டும். எந்தச் சரிவில் ஊற்றெடுக்கும், எந்தக் கானில் மண் நிறையும், எங்கே புல் தழைக்காது என்பன தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்க்கே தெரியும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டில் சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்களும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். சென்றோரிற் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர் முதலிய இடங்களில் மீண்டும் தேயிலையே நட்டனர். ஒரு மலையின் மண்ணறிவு மற்றொரு மலைக்குக் குடிபெயர்ந்தது. விட்டுவந்த மலைக்கோ அது இழப்பாயிற்று.

1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறிய ஒவ்வொரு முறையும் நெடுங்காலத் திட்டங்கள் தளர்ந்தன. ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டு பங்கு நிலத்திலேனும் மறுநடுகை செய்தல் வேண்டும் என்பது ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரை. அவ்வளவிலேயே முழுத் தோட்டத்தையும் புதுப்பிக்க ஐம்பது ஆண்டுகள் செல்லும். நடைமுறை அதனையும் எட்டவில்லை. மறுபுறம், 1980களின் பிற்பகுதியில் அப்புத்தளையை அடுத்த இதல்கஸ்ஹின்னைத் தோட்டத்தில், இரசாயனம் நீக்கிச் சேதனப் பசளையால் மட்டும் தேயிலை வளர்க்கும் முயற்சி வெற்றியுடன் தொடங்கிற்று. அம்முயற்சி பல ஆண்டுப் பொறுமையினால் ஆயது. விளைச்சற் குறைவை ஈடுசெய்யத் தனி விலையும் அதற்குக் கிடைத்தது.

பொறுமையின்றிச் செய்தால் நேர்வது யாது என்பதை 2021ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தது. நாடு முழுதும் ஒரே போகத்திற் சேதனப் பசளைக்கு மாறுதல் வேண்டும் என்பது கட்டளை. வேண்டிய அளவு கூட்டெரு எங்கும் இருக்கவில்லை. இருந்ததும் உச்சிச் சரிவுக்கு ஏறவில்லை. ஆண்டின் இறுதிக்குள் தடை தளர்த்தப்பட்டதாயினும் செடிகள் தளர்ந்திருந்தன. அடுத்து வந்த எரிபொருட் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022ஆம் ஆண்டில் 25 கோடி கிலோவளவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தபோது குறித்த நிறையைப் பறிக்க இயலாத பெண்களுக்கு அரைப்பேர் விழுந்தது. கொள்கையின் பிழை மாதக்கடைசியிற் சம்பளச் சீட்டில் வந்து நின்றது.

அன்று பலர் சேதனப் பசளையையே பழித்தனர். அது நேர்மையான தீர்ப்பன்று. சென் கூம்ஸ் தோட்டத்து ஆராய்ச்சியும், குவாத்தமாலாப் புல்லும், கவ்வாத்துச் சருகும் அதற்கு எதிர்ச்சான்று கூறுகின்றன. பிழைத்தது மருந்தன்று, மருந்துக்கு உரிய காலத்தைக் கொடாமையே பிழை. காட்டின் முதலை விரைந்து செலவிட்ட கோப்பித் துரைக்கும், ஒரு போகத்தில் மண்ணைத் தேற்ற எண்ணிய ஆட்சியாளருக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு இருப்பினும், இருவர் பிழையும் அவசரமே.

லயங்களின் பின்புறத்தே ஒரு சிறு காய்கறித் தோட்டம் பல இடங்களிற் காணப்படும். மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் இலைக்கழிவும் இட்டு வளர்த்த கோவாவும் லீக்சும் போஞ்சியும் அங்கே நிற்கும். சுற்றியுள்ள தேயிலை மண் வெளுத்திருக்க, அந்தச் சிறு துண்டு மண் கறுத்துப் பொலபொலவென்று இருப்பதைக் காணலாம். அதனை அவ்வாறு ஆக்கியவருக்கு அந்நிலத்தின்மேல் உறுதி எதுவும் இருந்ததில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் வழங்கும் திட்டம் அண்மைக் காலத்திற் தொடங்கியும், அதன் பயனை இன்னும் எய்தாக் குடும்பங்கள் பல. புல்லை நட்டு இரண்டு ஆண்டு காத்திருப்பவனுக்கு, இரண்டு ஆண்டின் பின்னரும் தான் அங்கிருப்பான் என்னும் நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கையை அளிக்கும் காணியுறுதியும் மண்ணுக்கு இடவேண்டிய பசளைகளுள் ஒன்றேயாம்.